டோமி ஆம்னிபாட்டை வெட்டாமல் வாக்குவம் கிளீனராக்குவது எப்படி?

மயிலை_மோட்டார்:

வணக்கம். 1984-இல் வந்த டோமி ஆம்னிபாட் ரோபோ. ஹால் தரையைத் தானாகச் சுற்றி வந்து சுத்தம் செய்கிற அளவுக்கு அதை மாற்ற வேண்டும். இப்போதைய நிலை: சக்கரங்கள் ஓடுகின்றன, நெஞ்சில் இருக்கும் கேசட் டெக்கின் பெல்ட் உருகிப் பிசினாகிவிட்டது, உள்ளே இருந்த 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி செத்துவிட்டது.

ஹால் 12க்கு 14 அடி. மொசைக் தரை, ஓரத்தில் கருப்புக் கடப்பா பட்டை. பால்கனி வாசலில் அரை அங்குல உயர நிலைப்படி. குப்பை என்று பார்த்தால் பொடி மணல், நீள முடி, பூச்சரத்திலிருந்து உதிரும் நார், வாசல் பக்கம் கொஞ்சம் கோலமாவு.

என் திட்டம்: வயிற்றுப் பகுதியில் ஓட்டை போட்டு 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டை வைப்பது, அதே அளவு 6 வோல்ட் பேட்டரி போடுவது, கேசட்டில் பாதையைப் பதிவு செய்து தினமும் ஓட்டுவது. இது வேலை செய்யுமா? எங்கே மாற்ற வேண்டும்?

---

ரிச்சி_வால்வு:

மூன்றையுமே மாற்ற வேண்டும் சார். ஃபேனிலிருந்து தொடங்குகிறேன், பெரும்பாலானவர்கள் தவறுவது அங்கேதான்.

கம்ப்யூட்டர் ஃபேன் காற்றை நிறையத் தள்ளும், ஆனால் எதிரே தடை இல்லாதவரைதான். சாதாரண 120 மி.மீ. ஃபேன் தாங்குகிற அழுத்தம் சுமார் 2 மி.மீ. நீர், அதாவது 20 பாஸ்கல். முன்னால் ஒரு ஃபில்டரும் குறுகிய வாயும் வைத்த உடனே இறக்கை சுற்றும், காற்று நகராது. இரண்டு ஃபேனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் அழுத்தம் கூடாது. வீட்டு ரோபோ வாக்குவம்களில் இருப்பது மையவிலக்கு புளோயர், அது ஆயிரம் பாஸ்கலுக்கு மேல் இழுக்கும். ஷாவ்மியின் முதல் ரோபோ வாக்குவத்துக்குச் சொல்லப்பட்ட அளவு 1800 பாஸ்கல். பழுதான ரோபோ வாக்குவத்திலிருந்து கழற்றிய 12 அல்லது 14.4 வோல்ட் புளோயர், உருளை பிரஷ்ஷோடு சேர்ந்த தலைப்பகுதி, இரண்டும் ஸ்பேர் பார்ட்டாகவே கிடைக்கும். தேட வேண்டியது அவற்றைத்தான்.

அடுத்தது வாயின் அளவு. இங்கே கணக்குப் போட்டே ஆக வேண்டும். புளோயர் விநாடிக்கு 6 லிட்டர் காற்றை இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய் 150 மி.மீ. நீளம், தரையிலிருந்து 4 மி.மீ. இடைவெளி என்றால் பரப்பு 600 சதுர மி.மீ. காற்று விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நுழையும், மணல் கிளம்பும். இடைவெளி 8 மி.மீ. ஆனால் வேகம் ஏறக்குறைய பாதி. முடி வரும், மணல் அங்கேயே கிடக்கும். "நல்லா சத்தம் வருது, ஆனா மண்ணு எடுக்கல" என்று வருகிற புகார்களில் பாதிக்குக் காரணம் இந்த 4 மி.மீ.தான்.

வாயிலிருந்து டப்பாவுக்குப் போகும் குழாய்க்கும் அதே கணக்கு. உள்விட்டம் 32 மி.மீ. என்றால் காற்று விநாடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் ஏறும், மணலையும் கூட்டிக்கொண்டு போகும். தாராளமாக இருக்கட்டும் என்று 50 மி.மீ. போட்டால் வேகம் 3 மீட்டருக்கு இறங்கி, மணல் வளைவிலேயே தங்கிவிடும். வாஷ்பேசின் வேஸ்ட் பைப் போன்ற மடிப்புக் குழாய் வேண்டாம். மடிப்புக்கு மடிப்பு தூசி படியும். உள்ளே வழுவழுப்பான பிவிசி குழாய் போதும்.

இப்போது முக்கியமான விஷயம். ரோபோவின் உடம்பை வெட்டாதீர்கள். நாற்பது வருடம் தாண்டிய பொருள், ஒருமுறை வெட்டினால் திரும்ப ஒட்டாது. தவிர, வெட்டுவதால் லாபமும் இல்லை. அதன் அடிப்பாகம் தரையிலிருந்து உயரத்தில் இருக்கிறது, அங்கே வாய் வைத்தால் 4 மி.மீ. இடைவெளி எங்கிருந்து வரும்? ரோபோவை இழுவண்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, உறிஞ்சும் பகுதியைத் தனித் தட்டாகச் செய்து சக்கரங்களுக்கு முன்னால் மாட்டுங்கள். முன்னால் இருந்தால்தான் டயர் குப்பை மேல் ஏறி அதைத் தரையோடு அரைக்காது.

தட்டுக்கு 5 மி.மீ. சன்போர்டு (பிவிசி ஃபோம் பலகை) போதும், வெட்டுவதும் எளிது. அகலம் 220 மி.மீ. வரை போகலாம், ரோபோவின் தோள் அகலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் முன்பக்கம் இரண்டு சின்ன பால் காஸ்டர் (எல்லாப் பக்கமும் உருளும் குண்டுச் சக்கரம்), 4 மி.மீ. இடைவெளியைப் பிடித்து வைப்பது அவைதான். தட்டை ரோபோவோடு இணைக்க அடிப்பாகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஸ்க்ரூ துளைகளைப் பயன்படுத்துங்கள், கொஞ்சம் நீளமான ஸ்க்ரூவும் 1.5 மி.மீ. அலுமினியப் பட்டையும் தேவைப்படும். இணைப்பு கீல் மாதிரி மேலும் கீழும் அசைய வேண்டும், பக்கவாட்டில் துளிகூட அசையக்கூடாது. மேலும் கீழும் அசையாவிட்டால் மொசைக்கில் ஒரு சின்ன மேடு வந்ததும் தட்டு ரோபோவைத் தூக்கிவிடும், டிரைவ் சக்கரம் அந்தரத்தில் சுற்றும். பக்கவாட்டில் அசைந்தால் திரும்பும்போது தட்டு ஒரு பக்கம் மடங்கிக்கொள்ளும்.

குப்பைக்கு நான்கு பக்கமும் கிளிப், ரப்பர் வளையம் உள்ள சாப்பாட்டு டப்பா, 600 மி.லி. அளவு. குழாய் ஒரு பக்கம் நுழையட்டும், எதிர்ப்பக்கம் மேலே ஃபில்டர், அதற்குப் பின்னால் புளோயர். புளோயருக்கு முன்னால்தான் ஃபில்டர் வர வேண்டும், மாற்றி வைத்தால் மணல் இறக்கையைத் தின்றுவிடும். மடிப்பு ஃபில்டருக்கு முன்னால் பழைய நைலான் சாக்ஸ் ஒரு சுற்று கட்டிவிட்டால் முடியும் நாரும் அதிலேயே நின்றுவிடும். வெளியேறும் காற்று மேல்நோக்கிப் போகட்டும், தரையைப் பார்த்து ஊதினால் எடுக்க வேண்டிய தூசியை அதுவே விரட்டும்.

எல்லாம் பூட்டிய பிறகு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி டப்பா மூடி, குழாய் மூட்டு, புளோயர் கழுத்து என்று ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் மெதுவாகக் கொண்டுபோங்கள். கசிவு இருக்கும் இடத்தில் நேராக ஏறும் புகை சட்டென்று வளைந்து உள்ளே போகும். அங்கே ஃபோம் டேப் அல்லது சிலிக்கான். வாயில் மட்டும் புகை உள்ளே போனால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

ஒரு தகவலுக்காக: எண்பதுகளிலேயே டோமி டஸ்ட்பாட் என்று ஒரு சின்ன பொம்மை விட்டது. மேசை மேல் ஓடி துகள்களை எடுக்கும், விளிம்பு வந்தால் திரும்பிக்கொள்ளும். அது மேசைக்கானது, ஹாலுக்குப் போதாது.

---

பல்லுசக்கரம்:

மேலே சொன்னதோடு பழைய பிளாஸ்டிக் பற்றிச் சேர்க்கிறேன். ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டும்போது நேரே முறுக்காதீர்கள். முதலில் எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள், "டிக்" என்று ஒரு சின்ன இறக்கம் கைக்குத் தெரியும். பழைய மரையில் ஸ்க்ரூ உட்காரும் இடம் அது. அங்கிருந்து முறுக்கினால் பழைய மரையிலேயே போகும். இல்லாவிட்டால் புது மரை வெட்டிக்கொண்டு, ஸ்க்ரூ இறங்கும் பிளாஸ்டிக் தூண் பிளந்துவிடும். மஞ்சளித்த பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி உடையும்.

அடுத்து கியர். மோட்டார் தண்டில் இறுக்கி ஏற்றிய சின்ன பிளாஸ்டிக் பினியன் (பல்சக்கரம்) நீளவாக்கில் விரிசல் விட்டிருக்கும். சும்மா ஓட்டும்போது தெரியாது. தட்டைத் தள்ளுகிற சுமை வந்ததும் தண்டு மட்டும் சுற்றும், சக்கரம் நிற்கும், "கட கட" சத்தம் வரும். பசை போட்டு ஒட்டினால் ஒரு வாரம் தாங்காது. பித்தளைப் பினியன் வாங்குங்கள். அளவு கண்டுபிடிக்க வெளிவிட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையோடு 2 கூட்டி வகுக்க வேண்டும். 12 பல், 7 மி.மீ. வெளிவிட்டம் என்றால் 7-ஐ 14-ஆல் வகுத்து 0.5 மாட்யூல். தண்டின் விட்டத்தை வெர்னியரில் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள், 2 மி.மீ.க்கும் 2.3 மி.மீ.க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கியருக்கு சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். பெட்ரோலிய கிரீஸ் சில வகைப் பிளாஸ்டிக்கைக் காலப்போக்கில் விரிசல் விடச் செய்யும்.

டயர் ரப்பர் இறுகிப்போயிருந்தால் மொசைக்கில் வழுக்கும். மேலே ஓ-ரிங் இரண்டு மூன்று ஏற்றலாம், பாரிமுனைப் பக்கம் ஹார்ட்வேர் கடைகளில் எல்லா அளவும் கிடைக்கும். அவசரத்துக்கு சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி ஏற்றினாலும் பிடிக்கும், இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அகலம் இருக்க வேண்டும். ஒன்று பெரிதானால் ரோபோ வட்டம் போடும்.

பேட்டரி அறையை முதலில் சுத்தம் செய்யுங்கள். எதைப் போட்டுத் துடைப்பது என்பதில் குழப்பம் வேண்டாம். ரிமோட்டில் இருக்கும் சாதாரண ஆல்கலைன் செல் கசிந்தது காரம், அதற்கு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு. லெட் ஆசிட் கசிந்தது அமிலம், அதற்கு ஆப்ப சோடா கரைசல். மாற்றிப் போட்டால் அரிப்பு நிற்காது. கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்து ஒரு நாள் காயவிடுங்கள். நம்ம ஊர் ஈரப்பதத்தில் ஒரு நாள் கண்டிப்பாக வேண்டும்.

---

கொரட்டூர்_ஈயம்:

பவர் பக்கம் நான் சொல்றேன். முதல் வேலை, அதோட வந்த பழைய சார்ஜர் அடாப்டரைத் தனியா எடுத்து வெச்சிடுங்க. அமெரிக்க மாடல்னா 120 வோல்ட், ஜப்பான் மாடல்னா 100 வோல்ட். நம்ம 230-ல நேரா சொருகினா அந்த நிமிஷமே போயிடும்.

6 வோல்ட் 4.5 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி எமர்ஜென்சி லைட்டுக்கு வர்றது, எங்கயும் கிடைக்கும். ரோபோ மட்டும் ஓட அது நல்லாவே போதும். வாக்குவத்துக்குப் போதாது. புளோயர் 20 வாட்னு வைங்க, 6 வோல்ட்ல இருந்து ஏத்திக் கொடுக்கணும்னா நஷ்டத்தோட சேர்த்து 4 ஆம்ப் இழுக்கும். லெட் ஆசிட்ல அவ்வளவு வேகமா உறிஞ்சினா சொன்ன கொள்ளளவுல பாதி சொச்சம்தான் கைக்கு வரும். அரை மணி ஓடினா பெரிசு. ரெண்டு மாசத்துல பேட்டரியும் வீங்கிடும்.

18650 சைஸ் லித்தியம் செல் எட்டு வாங்குங்க. நாலு சீரிஸ், ரெண்டு பேரலல். 2600 எம்ஏஎச் செல்லுன்னா மொத்தம் 14.4 வோல்ட், 5.2 ஆம்பியர்-அவர், 75 வாட்-அவர். புளோயர் 20, பிரஷ் 5, ரெண்டு சக்கர மோட்டாரும் சேர்ந்து 6, கன்ட்ரோலர் 2, ஆக 33 வாட். முழுசா காலி பண்ணாமலே ஒன்றரை மணி தாண்டி ஓடும். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல 9800 எம்ஏஎச்-னு அச்சடிச்ச செல் காட்டுவாங்க, தொடாதீங்க. 18650 சைஸ்ல அவ்வளவு வராது, நல்ல செல்லே 3500 பக்கம்தான். கையில எடுத்துப் பாருங்க, அசல் செல் 45 கிராம் சொச்சம் இருக்கும், போலி காத்தா இருக்கும். செல்லை நேரா சோல்டர் பண்ணாதீங்க, சூட்டுல உள்ள சீல் போயிடும். நிக்கல் பட்டை வெச்சு ஸ்பாட் வெல்டிங் பண்ணித் தரச் சொல்லுங்க. 4எஸ் பிஎம்எஸ் (நாலு சீரிஸ் பேக்கைப் பாதுகாக்கற போர்டு), 10 ஆம்ப் தாங்கறது. பேக் பாசிட்டிவ்ல இருந்து வெளிய வர்ற முதல் வயர்லயே 5 ஆம்ப் ஃப்யூஸ். சார்ஜர் 16.8 வோல்ட், 2 ஆம்ப்.

பேக்கை ரோபோ வயித்துக்குள்ள வெச்சே சார்ஜ் பண்ணாதீங்க, வெளிய எடுக்கற மாதிரி கனெக்டர் போடுங்க. 45 டிகிரிக்கு மேல லித்தியம் செல்லை சார்ஜ் ஏத்தக் கூடாது. மே மாசம் பால்கனி ஓரம் மூடின பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள அந்தச் சூடு சாதாரணமா வந்துடும்.

பழைய பேட்டரி முக்கால் கிலோ வெயிட், ரோபோ கவிழாம இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். புது பேக் அதுல பாதிதான். அதனால பேக்கை அடியிலேயே வைங்க, மீதி வெயிட்டுக்கு இரும்புத் தகடு நாலு சேர்த்து வைங்க. தலைப்பக்கம் எதுவும் ஏத்தாதீங்க.

சக்கர மோட்டாருக்கு 6 வோல்ட்தான் போகணும். வோல்டேஜைக் குறைக்கற எக்ஸ்எல்4015 பக் கன்வர்ட்டரை மொதல்ல மீட்டர் வெச்சு 6-க்கு செட் பண்ணிட்டு அப்புறம் மோட்டாரை மாட்டுங்க. மோட்டாரை ஓட்டற டிரைவர் போர்டுக்கு எல்298 வேண்டாம், அதுக்குள்ளயே 2 வோல்ட் கிட்ட விழும், மோட்டாருக்கு 4 வோல்ட்தான் போய்ச் சேரும், தட்டைத் தள்ள முடியாம நிக்கும். டிபி6612 போடுங்க. அதுக்கு முன்னாடி ஸ்டால் கரன்ட் (சக்கரம் நின்னுபோனா மோட்டார் இழுக்கறது) அளந்துடுங்க: மீட்டரை 10 ஆம்ப் ரேஞ்சுல சீரிஸா மாட்டி, சக்கரத்தைக் கையால ஒரு செகண்ட் மட்டும் புடிச்சு நிறுத்திப் பாருங்க. டிபி6612 ஒரு சேனல் தொடர்ந்து 1.2 ஆம்ப் தாங்கும், ஒரு கணத்துக்கு 3.2. அதுக்கு மேல வந்தா மோட்டாருக்கு ஒரு போர்டுனு வெச்சு ரெண்டு சேனலையும் சேர்த்துக் கட்டுங்க. மோட்டார் கால் ரெண்டுக்கும் குறுக்க 100 நானோஃபாரட் செராமிக் கெபாசிட்டர், மோட்டார் மேலயே சோல்டர் பண்ணிடுங்க.

ஒரிஜினல் சர்க்யூட் போர்டுல கை வைக்காதீங்க. திறந்ததும் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி மோட்டார் இருக்கானு பாருங்க. ரெண்டு மோட்டாருக்கு நாலு வயர். நாலு போல் ரெண்டு வழி ஸ்விட்ச் ஒண்ணு நடுவுல போட்டா ஒரு பக்கம் தள்ளினா பழைய ஆம்னிபாட், இன்னொரு பக்கம் தள்ளினா வாக்குவம். வயரை வெட்டாம அதே கனெக்டருக்கு ஜோடி வாங்கி நடுவுல சொருகுங்க.

---

மயிலை_மோட்டார்:

மூவருக்கும் நன்றி. தட்டு, டப்பா, பேக் எல்லாம் நீங்கள் சொன்னபடி. இப்போது மூன்று சந்தேகம். கேசட் பாதை ஏன் ஆகாது? கடப்பா பட்டை வந்ததும், படிக்கட்டில் விழாமல் இருக்க நான் வைத்த டிசிஆர்டி5000 அகச்சிவப்பு சென்சார் பள்ளம் என்று நினைத்துப் பின்வாங்குகிறது. புளோயர் ஆன் ஆனதும் கன்ட்ரோலர் போர்டான இஎஸ்பி32 ரீசெட் ஆகிறது. புளோயருக்கு மாஸ்ஃபெட் (எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) வைத்து, வேகத்தை மாற்ற பிடபிள்யூஎம் (பவரை வேகமாக விட்டு விட்டுத் தருவது) கொடுத்திருக்கிறேன்.

---

கொரட்டூர்_ஈயம்:

கடைசி கேள்விக்கு மொதல்ல. உங்க புளோயர்ல நாலு வயர் வருதுல்ல? ரெண்டு பவர், ஒண்ணு ஸ்பீட் கன்ட்ரோல், ஒண்ணு சுத்து எண்ணிக்கை. அதுக்குள்ளயே கன்ட்ரோலர் இருக்கு. நீங்க மாஸ்ஃபெட் வெச்சு பவரையே வெட்டி வெட்டிக் கொடுத்தா ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்கற கெபாசிட்டர் புதுசா சார்ஜ் ஆகும், அந்த இழுப்புலதான் வோல்டேஜ் விழுது. மாஸ்ஃபெட்டை ஆன் ஆஃப் பண்ண மட்டும் வைங்க, வேகத்தை ஸ்பீட் வயர்ல கொடுங்க, 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம். பூஜ்யத்துல இருந்து முழு வேகத்துக்கு ரெண்டு செகண்ட் எடுத்துக்கட்டும்.

இஎஸ்பி32-க்கு தனி பக் கன்வர்ட்டர், நேரா பேக்ல இருந்து. மோட்டார் பக்க 6 வோல்ட்ல இருந்து எடுக்காதீங்க. நெகட்டிவ் வயர் எல்லாம் பேக் கிட்ட ஒரே இடத்துல வந்து சேரணும், ஒண்ணுல இருந்து ஒண்ணுன்னு சங்கிலியா போகக் கூடாது. கன்ட்ரோலர் கிட்ட 1000 மைக்ரோஃபாரட் ஒண்ணு.

---

ரிச்சி_வால்வு:

கேசட் விஷயம்: டேப்பில் பதிவாவது கட்டளை மட்டும்தான், ரோபோ எங்கே நிற்கிறது என்பது அல்ல. மொசைக்கில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி ஒரு திருப்பத்தில் 5 டிகிரி தவறினால் 3 மீட்டர் போவதற்குள் 26 செ.மீ. விலகிவிடும். அடுத்த திருப்பத்தில் இன்னும் கூடும். டேப் ஓடும் வேகம் மாறினால் அதுவும் சேரும். ஒரு நாற்காலி நகர்ந்திருந்தால் பாதை அத்தோடு போச்சு. 2002-இல் வந்த முதல் ரூம்பாவே வரைபடம் இல்லாமல்தான் ஓடியது: சுருளாகக் கொஞ்சம், சுவரை ஒட்டிக் கொஞ்சம், இடித்தால் ஏதோ ஒரு கோணத்தில் திரும்பி நேராகக் கொஞ்சம். உங்கள் அளவு ஹாலுக்கு 40 நிமிடம் இப்படி ஓடினால் ஒரே இடத்தைப் பலமுறை கடக்கும், விட்டுப்போவது நாற்காலிக் கால்களுக்கு நடுவில்தான்.

டிசிஆர்டி5000 திரும்பி வரும் வெளிச்சத்தின் அளவைப் பார்க்கிறது. பாலிஷ் போட்ட கருப்புக் கல் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், அதனால் அதற்கும் பள்ளத்துக்கும் சென்சாருக்கு வித்தியாசம் இல்லை. அளவை மாற்றிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், கருப்பைத் தரை என்று ஏற்கச் செய்தால் படிக்கட்டையும் ஏற்றுக்கொள்ளும். விஎல்53எல்0எக்ஸ் தூர சென்சார் போடுங்கள். அது ஒளி போய்வரும் நேரத்தைக் கணக்கிடுகிறது, நிறம் அவ்வளவாகப் பாதிக்காது. தரையிலிருந்து 50 மி.மீ. உயரத்தில், கீழ்நோக்கி, தட்டின் இரண்டு முன்மூலையிலும் ஒவ்வொன்று. 80 மி.மீ.க்கு மேல் காட்டினால் நிற்கட்டும். எல்லாமே ஒரே முகவரியில் பேசும் என்பதால் ஒவ்வொன்றின் எக்ஸ்ஷட் (அணைத்து வைக்கும்) பின்னையும் இஎஸ்பி32-இன் தனிக் காலில் இணைத்து, ஒன்றொன்றாக எழுப்பி முகவரியை மாற்ற வேண்டும். பால்கனி வெயில் நேராக விழும் இடத்தில் அளவு தடுமாறும், அதனால் வெயில் தாழ்ந்த பிறகு ஓட்டுங்கள்.

அரை அங்குல நிலைப்படியை ஏற முயல வேண்டாம், அதையே சுவராக்கிவிடுங்கள். முன்பக்க பம்பர் தரையிலிருந்து 8 மி.மீ. உயரத்தில் தொடங்கினால் நிலைப்படி அதில் இடிக்கும், பின்னால் இரண்டு நெம்புகோல் மைக்ரோ ஸ்விட்ச் அழுந்தும். இடதும் வலதும் தனித்தனியாக வேண்டும், எந்தப் பக்கம் இடித்தது என்று தெரிந்தால்தான் எதிர்ப்பக்கம் திரும்பலாம்.

---

தகர_டப்பா:

குறுக்கே ஒரு கேள்வி. 1960களின் ஜப்பான் தகர ரோபோ, ஹொரிகாவா வகை. இதே மாதிரி தட்டு மாட்டலாமா?

---

பல்லுசக்கரம்:

வேண்டாம். அதன் மோட்டாரால் தன்னையே கஷ்டப்பட்டுத்தான் நகர்த்த முடியும், தட்டைத் தள்ளாது. அந்தக் காலத் தகரப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. துளை போடுவது, உப்புத்தாள் தேய்ப்பது இரண்டிலும் அந்தப் பொடி வீட்டுக்குள் பறக்கும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் நினைத்துப் பார்க்கவே கூடாது. கீறல் விழுந்தால் மதிப்பும் போய்விடும். அது அலமாரியில் நிற்கட்டும்.

மயிலை சாருக்கு இரண்டு விஷயம். கோலமாவை ரோபோவுக்கு விடாதீர்கள். கல்மாவு அவ்வளவு நைசு, நைலான் சாக்ஸைத் தாண்டி ஃபில்டர் மடிப்புக்குள் போய் அடைத்துக்கொள்ளும், ஒரு வாசல் மாவுக்கே உறிஞ்சல் பாதியாகிவிடும். வாசல் பக்கத்தைத் துடைப்பத்தால் பெருக்கிவிட்டு ரோபோவை விடுங்கள். தரை துடைத்த ஈரம் காயும்வரையும் விடாதீர்கள், ஈரத்தூசி குழாய்க்குள் சேறாக ஒட்டிக் காய்ந்துவிடும்.

பூநார்தான் உங்கள் வீட்டில் பெரிய தொல்லையாக இருக்கும். வாழைநார் பிரஷ் உருளையின் இரண்டு முனையிலும் தண்டைச் சுற்றி இறுக்கும், மோட்டார் நின்று புகையும். பிரஷ் மோட்டார் வரிசையில் கரன்ட்டை அளக்கும் ஐஎன்ஏ219 சென்சார் ஒன்று வையுங்கள். வழக்கமான கரன்ட்டைப்போல ஒன்றரை மடங்கு அரை விநாடி தொடர்ந்தால் நிறுத்தி, இரண்டு விநாடி எதிர்ப்பக்கம் சுற்றவிட்டு, மறுபடி முயலட்டும். மூன்று முறை தோற்றால் முழுசாக நின்று பஸ்ஸர் அடிக்கட்டும். மயிர் பிரஷ் உருளைக்குப் பதில் சிலிக்கான் இதழ் உருளை போட்டால் நார் சிக்குவது பாதி குறையும். சக்கர அச்சுக்கும் உடம்புக்கும் நடுவில் ஃபெல்ட் வாஷர் ஒவ்வொன்று வையுங்கள், முடி அந்த இடுக்கில் நுழைந்துதான் அச்சுத் துளையைத் தேய்க்கும். மூன்று ஓட்டத்துக்கு ஒருமுறை தட்டைக் கழற்றி, உருளை முனைகளை பிளேடால் நீளவாக்கில் ஒரு கீறு கீறினால் சுற்றிய முடி மொத்தமாக வளையம்போலக் கழன்று வரும்.